பழைய லாண்ட் றோவர் வண்டியைப் பேணும் முறை

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் இங்கிலாந்தில் உருக்குக்குப் பெருந் தட்டுப்பாடு நிலவியது. அதனால் றோவர் கம்பனியார் உழவருக்கென அமைத்த வண்டியின் மேற்கூட்டினைப் பெரும்பாலும் அலுமினியக் கலப்புலோகத் தகட்டினாற் செய்தனர். 1948ஆம் ஆண்டு ஆம்ஸ்ரடாம் நகரக் கண்காட்சியில் வெளிவந்த அவ்வண்டியே லாண்ட் றோவர் ஆகும். 1985ஆம் ஆண்டுவரை மூன்று வரிசைகளாக வெளிவந்த அப்பழைய வண்டிகளுட் பல இன்றும் ஓடுகின்றன.

இவற்றை வைத்திருப்போர் முதற்கண் அறியவேண்டிய உண்மை ஒன்றுண்டு. அலுமினியத் தகட்டில் இரும்பைப் போலத் துருவேறுவதில்லை. அதனைத் தாங்கும் அடிச்சட்டமோ உருக்கினாலானது. ஆகவே புறத்தே பொலிவுடன் தோன்றும் வண்டி அகத்தே நலிந்திருத்தல் கூடும். சேறு தங்கும் இடங்களையும் பின்புறக் குறுக்குச் சட்டத்தையும் கழுவிச் சிறு சுத்தியலாற் தட்டிப் பார்த்தல் வேண்டும். உறுதியான உலோகம் கணீரென ஒலிக்கும். துருவுண்டது மந்தமாக ஒலிக்கும். அலுமினியமும் உருக்கும் பொருந்தும் இடத்தில் ஈரம் புகுந்தால் மின்னிரசாயனத் தாக்கத்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாகும். உப்புக் காற்று இதனை விரைவுபடுத்தும்.

வாரந்தோறும் எஞ்சின் எண்ணெய், றேடியேற்றர் நீர், பிறேக்குத் திரவம், ரயர்க் காற்று ஆகிய நான்கையும் பார்த்தல் நன்று. சமதரையில், எஞ்சினை நிறுத்திச் சிறிது நேரங்கழித்தே எண்ணெயை அளத்தல் வேண்டும். எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் நீர் கலந்திருத்தல் கூடும்; காரணங் காணும்வரை வண்டியை ஓட்டலாகாது. சூடான றேடியேற்றரின் மூடியைத் திறத்தலும் ஆகாது. அழுத்தத்தால் நீரின் கொதிநிலை உயர்ந்திருக்கும். மூடி திறந்து அழுத்தம் நீங்கியதும் நீர் கொதித்துப் பீறிட்டு உடலைச் சுடும்.

பெற்றோல் எஞ்சின் இயங்க மறுப்பின் முறைப்படி ஆராய்தல் வேண்டும். முதலாவது, ஸ்ராற்றர் எஞ்சினைச் சுழற்றுகின்றதா? சுழற்றாவிடின் பற்றரியையும் அதன் முனைகளையும் நோக்குக. நன்கு மின்னேற்றப்பட்ட பற்றரி ஓய்வு நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ற்று காட்டும். இரண்டாவது, சுழன்றும் எஞ்சின் பற்றாவிடின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். பிளக்கு உலர்ந்திருப்பின் பெற்றோல் வந்து சேரவில்லை. நனைந்திருப்பின் தீப்பொறி குன்றியிருத்தல் கூடும், அல்லது பெற்றோல் மிகைப்பட்டிருத்தல் கூடும். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றல் வேண்டும்; பலவற்றை ஒருங்கே மாற்றின், குறை நீங்கினாலும் காரணம் விளங்காது.

புகையும் ஒரு சான்றாகும். நீலப் புகை எண்ணெய் எரிதலையும், கரும் புகை பெற்றோல் மிகுதியையும், எஞ்சின் சூடேறிய பின்னரும் நீங்காத வெண்புகை நீர் உட்கசிதலையும் குறிக்கும்.

நான்கு சக்கர இயக்கத்தை உலர்ந்த தார் வீதியிற் பயன்படுத்தலாகாது. வளைவிலே முன்சக்கரங்கள் பின்சக்கரங்களிலும் நெடுந்தூரஞ் செல்லும். அவ்வேறுபாட்டை ஈடுசெய்யும் நடுப் பற்சக்கரத் தொகுதி இவ்வண்டிகளுட் பெரும்பாலானவற்றில் இல்லை. ஆதலால் தண்டுகளும் பற்சக்கரங்களும் முறுக்குண்டு கேடுறும். மணலிலும் சேற்றிலும் சக்கரங்கள் சிறிது சறுக்குவதால் அக்கேடு நேர்வதில்லை.

யாவற்றினும் தலையாயது பிறேக்கு. பழைய வண்டிகள் பலவற்றில் ஒரே குழாய்த் தொடர்பே நான்கு சக்கரங்களுக்கும் திரவத்தைச் செலுத்தும். ஓரிடத்திற் கசிவு நேரினும் நான்கும் செயலிழக்கலாம். மிதி பஞ்சுபோல் அமுங்கின் குழாயிற் காற்றுப் புகுந்துள்ளது எனலாம்; மெல்ல மெல்லக் கீழிறங்கின் கசிவோ, சிலிண்டரின் இறப்பர் வளையத் தேய்வோ உள்ளது. பிறேக்குத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது. ஆதலால் இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றுதல் தக்கது. எஞ்சின் இயங்காத வண்டி உடையவனை வீட்டிலே நிறுத்திவைக்கும்; பிறேக்கு இல்லாத வண்டியோ அவனோடு வீதியிற் செல்வோர் உயிரையும் வாங்கும்.

காரணம் அறியாது உறுப்புக்களை மாற்றுவோன் பொருளை இழப்பான். புறத்தோற்றங் கண்டு மகிழ்ந்திருப்போன் வண்டியையே இழப்பான். கண்டதையும் திருத்தியதையும் நாளிட்டுக் குறித்துவைத்து, முறையாக ஆராய்வோனுக்குப் பழைய வண்டியும் நெடுங்காலம் உழைக்கும்.