விளையாட்டு மடிக்கணினியில் திடீர்த் திணறலும் மிகைவெப்பமும்

விளையாட்டு மடிக்கணினியில் திடீர்த் திணறல் என்பது, அதுவரை சீராக ஓடிய கணினி விளையாட்டு சட்டென்று விட்டுவிட்டு நகர்வதையும், நொடிக்கு 90 அல்லது 100 ஆக இருந்த படச்சட்ட வீதம் 20, 30 என விழுவதையும் குறிக்கும். பேச்சு வழக்கில் இது 'லேக் அடிப்பது' எனப்படுகிறது. பெரும்பாலும் இதனுடன் விசிறியின் இரைச்சலும் விசைப்பலகையின் சூடும் சேர்ந்தே வரும். ஆயினும் எல்லாத் திணறலுக்கும் வெப்பம் காரணமன்று. மின்வழங்கல், மென்பொருள், இணையம், சேமிப்பகம் ஆகியவற்றாலும் இதே அறிகுறி தோன்றும். காரணத்தைப் பிரித்தறியாமல் கணினியைத் திறப்பதும் பாகம் மாற்றுவதும் வீண் செலவாக முடியலாம்.

வெப்பம் வேகத்தைக் குறைக்கும் விதம்

மடிக்கணினியில் மிகுதியாகச் சூடாகும் பாகங்கள் இரண்டு. ஒன்று சிபியு எனப்படும் மையச் செயற்பகுதி. மற்றொன்று படங்களை வரையும் ஜிபியு. இவற்றின் மேல் வெப்பப் பசை தடவப்பட்டு, அதன் மேல் செப்புத் தகடு பொருத்தப்பட்டிருக்கும். தகட்டிலிருந்து செல்லும் வெப்பக் குழாய்கள், கணினியின் ஓரத்தில் உள்ள மெல்லிய உலோக இதழ்களுக்கு வெப்பத்தைக் கடத்துகின்றன. விசிறி அடிப்பக்கத்தில் காற்றை இழுத்து இதழ்களின் வழியே வெளியே தள்ளுகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி பழுதடைந்தாலும் வெப்பம் உள்ளேயே தேங்கும்.

இன்றைய மடிக்கணினிச் சிபியுக்களின் வெப்ப உச்சவரம்பு பொதுவாக 95 முதல் 105 பாகை செல்சியசு வரை அமைகிறது. ஜிபியுக்களின் வரம்பு இதைவிடக் குறைவு; பலவற்றில் 87 பாகையை ஒட்டியிருக்கும். வரம்பை எட்டியதும் சில்லு தன்னைக் காத்துக்கொள்ள மின்னழுத்தத்தையும் துடிப்பு வேகத்தையும் குறைத்துக்கொள்கிறது. சில்லு செலவிடும் திறன், துடிப்பு வேகத்துக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் இருக்கும். மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தாலே திறன் ஏறத்தாழ 19 விழுக்காடு குறையும். எனவே வேகத்தைக் குறைத்த சில நொடிகளில் சூடு தணிகிறது; சில்லு மீண்டும் வேகமெடுக்கிறது; மறுபடியும் சூடாகிறது. இந்த ஏற்ற இறக்கமே திரையில் விட்டுவிட்டு வரும் திணறலாகத் தெரிகிறது.

விளையாட்டு தொடங்கிய முதல் சில பத்து நொடிகள் மட்டும் மிக வேகமாக ஓடி, பின்னர் சற்றுக் குறைந்து நிலைப்பது பழுதன்று. குறுகிய நேரத்துக்குக் கூடுதல் திறனும், நீண்ட நேரத்துக்குக் குறைந்த திறனும் எடுக்குமாறே சிபியுக்கள் வடிவமைக்கப்பட்டுள்ளன.

முன்நிகழ்வுகள்

2001 இல் டாம்சு ஹார்டுவேர் என்ற இணையத்தளம், விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சிபியுவின் மேலிருந்த வெப்பத் தணிப்பியைக் கழற்றும் காணொளி ஒன்றை வெளியிட்டது. இன்டெல் பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. ஏஎம்டி அத்லான் சில்லுகள் கருகின. வேகத்தைக் குறைப்பது குறையன்று, பாதுகாப்பு என்பதை அச்சோதனை பலருக்குக் காட்டியது.

2018 சூலையில் வெளியான கோர் ஐ9 மேக்புக் புரோ மடிக்கணினிகள் கடும் வேலையில் எதிர்பாராத அளவுக்கு மெதுவாயின. வெப்ப மேலாண்மைக்கான நிலைபொருளில் ஓர் எண்ணிமச் சாவி விடுபட்டிருந்ததே காரணம் என்று ஆப்பிள் அறிவித்து, அதே மாதம் 24 ஆம் நாள் திருத்தம் வெளியிட்டது. தூசியோ பசையோ அன்றி, மென்பொருள் மட்டுமே திணறலுக்குக் காரணமாக இருக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

அறிகுறியிலிருந்து காரணம்

வெப்பநிலை, துடிப்பு வேகம், படச்சட்ட வீதம் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் பார்த்தால் காரணம் பெரும்பாலும் பிடிபடும். விண்டோசில் எச்டபிள்யூஇன்ஃபோ, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருள்கள் இவற்றைக் காட்டும்; லினக்சில் எல்எம்-சென்சார்சு தொகுப்பு வெப்பநிலையைக் காட்டும்.

- சூடு வரம்பைத் தொட்டதும் வேகம் விழுந்தால், காரணம் வெப்பம். காற்று வழி, விசிறி, பசை என்ற வரிசையில் பார்க்க வேண்டும்.
- சூடு 50, 60 பாகை மட்டுமே இருக்க, சிபியு வேகம் 0.4 அல்லது 0.8 கிகாஎர்ட்சில் சிக்கிக்கொண்டால், காரணம் பெரும்பாலும் மின்னேற்றி, அதன் இணைப்பு, அல்லது தவறான அளவைத் தரும் உணரி. தாய்ப்பலகையின் வேறொரு பகுதி ஆபத்துச் சமிக்ஞை அனுப்பினாலும் சிபியு இவ்வாறு வேகம் குறைக்கும்.
- மின்சாரம் நின்ற நொடியில் திணறல் தொடங்கினால் அது இயல்பு. மின்கலம் மட்டும் தரக்கூடிய திறன் குறைவு என்பதால் ஜிபியுவின் திறன் கட்டுப்படுத்தப்படுகிறது.
- ஜிபியு வேலையின்றி இருக்க, விளையாட்டு மெதுவாக ஓடினால், அது சிபியுவோடு இணைந்த சிறு வரைகலைப் பகுதியில் ஓடுகிறது. இயக்கி இற்றைப்படுத்தலுக்குப் பின் இது நேர்வதுண்டு. வரைகலை அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம்.
- படச்சட்ட வீதம் குறையாமல், பாத்திரங்கள் மட்டும் இடம்விட்டு இடம் தாவினால், சிக்கல் இணையத்தில் உள்ளது. கணினியைச் சுத்தம் செய்வதால் பயனில்லை.
- புதிய காட்சி திறக்கும்போது மட்டும் உறைந்து நின்றால், நினைவகம் போதாமை அல்லது நிரம்பிய சேமிப்பகம் காரணமாகலாம். திண்மநிலைச் சேமிப்பகமும் மிகவும் சூடானால் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

மின்னேற்றியைத் தனியே சரிபார்ப்பது நன்று. விளையாட்டு மடிக்கணினிகளின் மின்னேற்றிகள் பெரும்பாலும் 180 முதல் 330 வாட்டு வரை தருபவை. அவசரத்துக்கு 65 வாட்டு டைப்-சி மின்னேற்றியைச் செருகினால் மின்னேற்றக் குறியீடு எரியும். ஆனால் விளையாட்டுக்குத் தேவையான திறன் கிடைக்காது. இந்தியாவில் வீட்டு மின்வழங்கல் 230 வோல்ட். பெரும்பாலான மின்னேற்றிகள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்பதால், மாலை நேரத்தில் மின்னழுத்தம் ஓரளவு குறைவது மட்டும் திணறலுக்குக் காரணமாவது அரிது. தளர்ந்த செருகியும் நைந்த கம்பியுமே முதலில் ஐயுறத்தக்கவை.

சமவெளியும் மலையும்: சேலம், ஏற்காடு

மலை குளிர்ச்சியானது என்பதால் அங்கே மடிக்கணினி சூடாகாது என்ற எண்ணம் உண்டு. இது பாதி உண்மை. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேர்வராயன் மலையில் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே உள்ள ஏற்காடு சுமார் 1,515 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 பாகை என்ற பொதுக் கணக்கில், சேலத்தைவிட ஏற்காட்டில் வெப்பநிலை சுமார் 8 பாகை குறைவு. ஆனால் உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தியும் குறைகிறது. சேலத்தைவிட ஏற்காட்டில் காற்று ஏறத்தாழ 12 விழுக்காடு மெலிந்தது. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும், அது தள்ளும் காற்றின் நிறை அந்த அளவு குறைகிறது. வெப்பத்தைச் சுமந்து செல்லும் ஆற்றலும் குறைகிறது.

எடுத்துக்காட்டாக, சேலத்தில் 38 பாகை வெப்பமுள்ள பிற்பகலில் ஒரு சிபியு அறையைவிட 55 பாகை கூடுதலாகச் சூடாகிறது எனக் கொண்டால், அதன் வெப்பநிலை 93 பாகை. அதே கணினி ஒண்டிக்கடைச் சந்திப்பருகே ஒரு வீட்டில் 30 பாகையில் இயங்கினால், மெலிந்த காற்றினால் அந்த 55 அதிகபட்சம் 62 வரை உயரலாம். அப்போது வெப்பநிலை 92 பாகை. சில்லிலிருந்து உலோக இதழ்கள் வரையிலான வெப்பக் கடத்தலைக் காற்றின் அடர்த்தி பாதிக்காது என்பதால், உண்மை அளவு இதைவிடச் சில பாகைகள் குறைவாகவே இருக்கும். ஆக, 8 பாகைக் குளிர்ச்சியில் கணினிக்குக் கிடைப்பது சில பாகைகள் மட்டுமே. தூசி அடைத்த கணினியை மலைக்குளிர் காப்பாற்றாது.

மலைக்கே உரிய வேறு காரணங்களும் உண்டு. குளிர் காலத்தில் கம்பளியின் மீதோ மெத்தையின் மீதோ கணினியை வைத்து விளையாடுவது, அடிப்பக்கத் துளைகளை அப்படியே மூடிவிடும். அறை 18 பாகையாக இருந்தாலும் இந்நிலையில் சில நிமிடங்களில் கணினி வரம்பைத் தொடலாம். கம்பளியின் நுண்ணிழைகளும் விசிறிக்குள் இழுக்கப்படுகின்றன. மூடுபனிக் காலத்து ஈரத்தில் தூசி உலர்ந்து உதிராமல், உலோக இதழ்களின் உட்புறம் கம்பளித் துண்டு போல ஒட்டிக்கொள்ளும்.

ஓடிக்கொண்டிருக்கும் கணினி சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருப்பதால், அதனுள் பனி படியாது. ஆபத்து இடம் மாறும்போதுதான். இரவுக் குளிரில் அணைந்து கிடந்த கணினியுடன் காலையில் சேலத்துக்கு இறங்கி, ஈரப்பதம் மிக்க சூடான அறையில் உடனே திறந்தால், குளிர்ந்த பாகங்களின் மேல் நீர்த்துளி படியலாம். பையை மூடிய நிலையில் அரைமணி நேரமேனும் வைத்திருந்து, கணினி அறையின் வெப்பநிலைக்கு வந்தபின் இயக்குவது பாதுகாப்பானது.

சரிபார்க்கும் வரிசை

ஏற்காட்டில் வசிப்பவர் பழுதுபார்ப்புக்காகச் சேலம் வரை இறங்க நேரிட்டால் பாதி நாள் போய்விடும். பின்வருவனவற்றை வீட்டிலேயே, செலவின்றிப் பார்த்துவிடலாம்.

1. கணினியைக் கடினமான மேசையில் வைத்து, பின்புறத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்தி, அதே விளையாட்டை 20 நிமிடம் ஓட்டிப் பார்த்தல். சூடு வெகுவாகக் குறைந்தால் காற்று வழியே காரணம்.
2. உரிய மின்னேற்றியைச் சுவர்ச் செருகியில் நேரடியாக இணைத்துப் பார்த்தல்.
3. பின்னணியில் ஓடும் இற்றைப்படுத்தல், நச்சுநிரல் வருடல் போன்றவற்றை டாஸ்க் மேனேஜரில் பார்த்தல்.
4. படச்சட்ட வீதத்தை 60 ஆகக் கட்டுப்படுத்துதல். கண்ணுக்குப் பெரிய வேறுபாடு தெரியாமலேயே ஜிபியுவின் சுமை இறங்கும்.
5. விண்டோசின் மின்திறன் அமைப்பில் செயலியின் உச்ச நிலையை 99 விழுக்காடு ஆக்குதல். இதனால் பல கணினிகளில் சிபியுவின் மிகைவேக முறை நின்று, சூடு 10 பாகைக்கு மேலும் இறங்குவதுண்டு. திணறல் நின்றால், வெப்பமே காரணமாக இருக்க வாய்ப்பு மிகுதி.
6. தயாரிப்பாளரின் தளத்தில் பயாசு, வரைகலை இயக்கி ஆகியவற்றின் புதிய பதிப்பு உள்ளதா எனப் பார்த்தல்.

முன்பு பலர் சிபியுவின் மின்னழுத்தத்தை மென்பொருளால் சற்றே குறைத்துச் சூட்டைத் தணித்துவந்தனர். 2019 திசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை வெளியானபின், பல தயாரிப்பாளர்கள் பயாசு வழியே இவ்வசதியைப் பூட்டிவிட்டனர். மென்பொருளில் அந்த அமைப்பு சாம்பல் நிறத்தில் தெரிந்தால் அது பழுதன்று.

சுத்தம் செய்தல்

உத்தரவாதக் காலத்தில் கணினியைத் திறக்குமுன் அதன் நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். திறப்பதாயின் முதலில் கணினியை அணைத்து, மின்னேற்றியைக் கழற்றி, அடிமூடியைத் திறந்ததும் மின்கல இணைப்பையும் பிரிக்க வேண்டும். விசிறியின் இதழ்களை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, அழுத்தக் காற்றைச் சிறு சிறு வீச்சாகச் செலுத்த வேண்டும். பிடிக்காமல் ஊதினால் விசிறி அளவுக்கு மீறிச் சுழன்று அதன் தாங்கி கெடும். மூடியைத் திறக்காமல் வெளியிலிருந்து ஊதினால், விசிறிக்கும் உலோக இதழ்களுக்கும் இடையே படிந்த தூசிப் படலம் மேலும் உள்ளே தள்ளப்படலாம்.

வெப்பப் பசை சில ஆண்டுகளில் உலர்ந்துவிடும், அல்லது ஓரங்களுக்குப் பிதுங்கிவிடும். விசிறி நன்றாகச் சுற்றி, தூசியும் இல்லாத நிலையில், விளையாட்டு தொடங்கிய சில நொடிகளிலேயே வெப்பநிலை 95 பாகைக்குத் தாவினால் பசையை ஐயுறலாம். பழைய பசையை ஐசோபுரோபைல் ஆல்ககாலால் துடைத்துப் புதியதை மெலிதாக இட வேண்டும். காலியம் கலந்த திரவ உலோகம் வெப்பத்தை நன்கு கடத்தும். ஆனால் மின்சாரத்தையும் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். பழக்கமில்லாதவர் அதைத் தொடாதிருப்பது நல்லது.

மின்கல வீக்கம்

திணறலைப் பொறுத்துக்கொள்ளலாம், மின்கல வீக்கத்தைப் பொறுக்கக் கூடாது. நெடுநாள் சூட்டில் இருக்கும் லித்தியம் மின்கலத்தினுள் வாயு உண்டாகி அது உப்பும். தொடுபலகை மேலெழும்புதல், அதன் சொடுக்கு இறுகுதல், சமதளத்தில் வைத்தால் கணினி ஆடுதல், அடிமூடியின் விளிம்பில் இடைவெளி தெரிதல் ஆகியன இதன் அறிகுறிகள். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் மின்னேற்றுவதையும் விளையாடுவதையும் உடனே நிறுத்த வேண்டும். உப்பிய மின்கலத்தை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பற்றும். பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அதை மாற்ற வேண்டும். பழைய மின்கலத்தை வீட்டுக் குப்பையில் சேர்க்கக் கூடாது. இந்தியாவில் 2022 ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய மின்கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது சுமத்துகின்றன.

கருகிய வாடை, தானாக அணைதல், விசிறி சுற்றாமை ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அமைப்புகளை மாற்றிப் பார்ப்பதை விட்டுவிட்டு, கணினியைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுக்க வேண்டும். குறித்து வைத்த வெப்பநிலை, வேகம், திணறல் தொடங்கிய நேரம் ஆகியவற்றையும் உடன் சொன்னால், தேவையற்ற பாகங்கள் மாற்றப்படுவதைத் தவிர்க்கலாம்.