ஓலைச்சுவடிப் படத்துக்கு ஸ்கிரிப்ட் ஏன்? எப்படி?

பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்திலும், 1886இல் தொடங்கிய அடையாறு நூலகத்திலும் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. அப்படிப் பழைய ஏடு ஒன்றின் படத்தைக் கணினியில் பெரிதாக்கினால் நடுவில் வெளிர்மஞ்சள், ஓரத்தில் கரும்பழுப்பு. சாம்பல் நிறப் படமாக மாற்றினால், கணினிக்கு ஒவ்வொரு பிக்சலும் 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரை ஓர் எண்தான். நடுவே மை ஏறிய எழுத்து 90 என்றால், ஓரத்தில் வெறும் ஓலையே 90 இருக்கலாம். '100க்குக் கீழே எல்லாம் எழுத்து' என்று கோடு கிழித்தால் ஓரம் முழுக்கக் கறுத்துவிடும்.

அதனால் ஒவ்வொரு பிக்சலையும் அக்கம்பக்கத்துச் சராசரியோடு ஒப்பிட வேண்டும். அதைவிடத் தெளிவாக இருண்டிருந்தால்தான் எழுத்து. கையால் நடக்கிற காரியமா இது? ஸ்கிரிப்ட் என்னும் சிறு நிரலுக்குச் சில வரிகள் போதும்.

படங்களைத் திருத்தும் இலவச மென்பொருளான கிம்ப்பில் தொடங்குவதே நல்லது என்பேன். அதில் பைத்தான் நிரல்மொழிக்கான கன்சோலைத் திறவுங்கள். மென்பொருளின் கட்டளைகள் என்னென்ன பெயரில் இருக்கின்றன என்பதைப் புரொசீஜர் பிரவுசர் காட்டும். ஒரு கட்டளையை ஒரே படத்தில் ஓட்டிப் பாருங்கள். சரியாக வந்தபின் ஃபோல்டர் முழுவதற்கும் லூப் போடலாம். 2025இல் வந்த கிம்ப் 3.0 பைத்தான் 3க்கு மாறிவிட்டது. அதனால் பழைய பதிப்புக்கு எழுதிய பைத்தான் பிளகின்கள் அப்படியே ஓடாது. முக்கியமாக, மூலப் படத்தின் மேலேயே சேமிக்காதீர்கள். விளைவை வேறு ஃபோல்டரில் எழுதச் சொல்லுங்கள்.