பூட்டிய பெட்டியைக் கொடுக்கலாமா?

சவ்வாது மலை அடிவாரத்தில் உள்ள ஊர் போளூர். 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் வழங்கத் தொடங்கியது. போளூர் வீடுகளுக்கும் அது வந்தது. அதில் விண்டோசுடன் "பாஸ்" என்ற மென்பொருளும் இருந்தது. கம்ப்யூட்டருக்கு வேலை சொல்வதுதான் மென்பொருள்.

சென்னை சி-டாக் நிறுவனம் "டெபியன்" என்ற மென்பொருளிலிருந்து "பாஸ்" மென்பொருளை உருவாக்கியது. டெபியன் ஒரு திறந்த வீடு. யாரும் உள்ளே பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம்!

ரகசியக் கட்டளை

ஆனால் வை-பை போன்ற உறுப்புகளை இயக்கும் கட்டளை வேறு. அதன் பெயர் "பர்ம்வேர்". பெரும்பாலும் அது கம்பெனி ரகசியம்.

அதையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

"கூடாது. உள்ளே இருப்பது தெரியாமல் எப்படி நம்புவது?" என்கிறார்கள் ஒரு சாரார்.

"கொடுக்காவிட்டால் வை-பை ஓடாதே! பழுதை நீக்குவது எப்படி?" என்கிறார்கள் மறு சாரார். 2018-ல் "ஸ்பெக்டர்" என்ற பாதுகாப்புக் குறை வெளியானது. அதைச் சரிசெய்ய இன்டெல் கம்பெனியின் ரகசியக் கட்டளையும் தேவைப்பட்டது.

ஓட்டெடுப்பு

2022-ல் டெபியன் குழுவினர் ஓட்டுப் போட்டார்கள். "கொடுக்கலாம், ஆனால் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்பவருக்கு வழியும் வேண்டும்" என்று முடிவாயிற்று. 2023-ல் அப்படியே வெளியிட்டார்கள்.

மருந்தின் செய்முறை ரகசியம் என்பதற்காக நோயாளிக்கு மருந்தை மறுக்க முடியுமா? சீட்டில் பெயரை எழுதிக் கொடுப்பதுதான் நேர்மை!