மட்டிக்கும் உண்டு விதைக்காலம்

முட்டைக் கோழிக்குக் கிளிஞ்சல் எப்படிக் கொடுப்பது என்று கேள்வி-பதில் பகுதிக்குக் கடிதங்கள் வருகின்றன. அதற்குப் பதில் கடைசியில் தருகிறேன். முதலில், அந்த ஓட்டுக்குள் வாழும் மட்டியைப் பற்றிக் கொஞ்சம் பார்ப்போம்.

கேரளத்தில் கொல்லத்தை ஒட்டி அஷ்டமுடிக் காயல் இருக்கிறது. ஒரு பக்கம் கல்லடையாறு வந்து சேர்கிறது. மறுபக்கம் நீண்டகரை முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்குகிறது. அங்கே உப்பு மிகுந்த மணற்படுகையில் வாழ்கிறது 'மஞ்ஞக் கக்கா' என்ற மட்டி. ஓட்டின் மேல் பழுப்பு நிறத்தில் நெளிநெளியாகக் கோலம். உள்ளே சதைக்கால் மஞ்சள். இதற்குத் தீவனச் செலவே கிடையாது. மணலில் புதைந்தபடி நீரை உறிஞ்சி, அதிலுள்ள நுண்பாசியை வடிகட்டித் தின்றுவிட்டு நீரை வெளியே விடும்.

1981-ல் வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். வியட்நாம், தாய்லாந்து, மலேசியா என்று கிராக்கி ஏற, 1991-ல் ஆண்டுக்கு 10,000 டன் எடுத்தார்கள். 1993-ல் அது பாதியாகச் சரிந்தது. முட்டையிடும் முன்பே குஞ்சு மட்டியையும் அள்ளிவிட்டார்கள். பசிக்கு விதைநெல்லைக் குத்தியது போலத்தான்.

மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் ஆலோசனைப்படி கட்டுப்பாடுகள் வந்தன. இனப்பெருக்கக் காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டி எடுக்கக் கூடாது. வலைக்கண் 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஒரு கிலோ சதைக்கு 1,400 மட்டிக்கு மேல் பிடித்தால், அவ்வளவு சிறியது ஏற்றுமதிக்கு ஆகாது. அன்றாடம் காயலில் இறங்கிப் பிழைப்பவர்களுக்கு மூன்று மாதம் கைகட்டி இருப்பது லேசான காரியமா? இருந்தார்கள். மகசூல் மீண்டது. 2014-ல் எம்.எஸ்.சி. சான்றிதழ் கிடைத்தது, இந்திய மீன்பிடிப்பில் அதுவே முதல்.

ஆனால் கட்டுப்பாடு மட்டுமே போதவில்லை. அயல்நாட்டிலிருந்து வந்த ஒரு கல்லுமேக்காய் இனம் காயலில் பரவி, மட்டியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நம் வயலில் பார்த்தீனியம் செய்யும் வேலைதான். மட்டி வெகுவாகக் குறைந்துபோக, பொரிப்பகத்தில் வளர்த்த மட்டிக் குஞ்சுகளை 2024-ல் அதே ஆராய்ச்சி நிலையம் காயலில் விட்டது. நாற்றுவிட்டு நடுவதைப் போல.

இனி கிளிஞ்சல் கேட்டவர்களுக்கு: உப்புப் போக நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து, குருணை அளவுக்கு உடையுங்கள். மாவாக்க வேண்டாம். தனித் தட்டில் வைத்தால் முட்டைக் கோழி தேவைக்குப் பொறுக்கிக்கொள்ளும். குஞ்சுகளுக்கு எட்டாமல் வையுங்கள். அந்த வயதில் அதிகச் சுண்ணாம்பு சிறுநீரகத்தைக் கெடுக்கும்.