மின்செலவு: சிக்கனம், சூரியன், சட்டம்

இரண்டு மாதங்களுக்கொருமுறை வரும் மின்கட்டணத்தைக் கண்டு திகைக்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அதைக் குறைக்கும் உபாயங்கள் பெரும்பாலும் நம் வசத்திலேயே இருக்கின்றன. ஆயினும் எதை முதலில் செய்வது, எதில் நாமே கைவைக்கலாகாது என்னும் விவேகம் இல்லாவிடில், பொருளும் விரயமாகி, பிராணனுக்கே அபாயம் நேரக்கூடும்.

முதலில் கட்டண விகிதத்தின் போக்கை அறிதல் அவசியம். 2022-இல் வகுக்கப்பட்ட முறைப்படி, முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் இருமாத உபயோகம் 500 யூனிட்டைக் கடந்துவிட்டால், மிகுதியான யூனிட்டுகளுக்குக் கூடுதல் விலை மாத்திரமன்றி, 101 முதல் 200 வரையுள்ளவற்றுக்கு இருமடங்கு விலையும் கொடுக்க நேரிடும். எனவே 510 யூனிட் செலவிடும் வீட்டில் பத்து யூனிட் மிச்சமானாலும் பலன் பெரிது.

அந்த மிச்சம் அரிதன்று. 75 வாட் மின்விசிறி நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால், அறுபது நாட்களில் 54 யூனிட்டை விழுங்கும். 30 வாட் அளவிலுள்ள, பிரஷ் இல்லா மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. விசிறியோ ஏறக்குறைய 22 யூனிட்டோடு நிற்கும். இத்தகைய சிக்கனத்தால் தேவை சுருங்கிய பின்னரே சூரிய சக்தியை நாடுவது உசிதம். ஏனெனில், தேவை சிறிதானால் சூரியத் தகடுகளும் குறைவாகவே போதும்.

ஒரு கிலோவாட் தகடுகள் நம் வெயிலில் நாளொன்றுக்குச் சராசரி நான்கு யூனிட் தரும். 2024-இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மத்திய மானியம் உண்டு. அத்தொகை பயனாளியின் வங்கிக் கணக்கில் நேரே சேர்வதால், அதை வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்போரிடம் ஏமாற வேண்டாம்.

சுயமாகச் செய்ய விரும்புவோர், சிறு தகடும் பேட்டரியும் கொண்டு, வீட்டு வயரிங்குடன் சேராத 12 வோல்ட் விளக்குகளை அமைத்துக்கொள்ளலாம். பேட்டரியை ஒட்டி ஃபியூஸ் பொருத்த மறத்தலாகாது. ஆனால் இன்வெர்ட்டரின் வயரை வீட்டு பிளக்கில் சொருகி மின்சாரத்தை உள்ளே செலுத்துவது மகா அபாயம். மின்தடை வேளையில், கரண்ட் இல்லையென்று நம்பிக் கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனின் கம்பிக்கு அது டிரான்ஸ்ஃபார்மர் வழியே உயர் அழுத்தமாய்த் திரும்பிச் சென்று, அவர் உயிரைக் குடித்துவிடும். மின்வாரியத்தின் அனுமதியுடன் பொருத்தப்படும் இன்வெர்ட்டர், மின்தடை நேர்ந்த கணமே தானாக நின்றுவிடுவது இக்காரணத்தினாலேயே.

கட்டணத்தில் பிழையெனத் தோன்றினால் மனம் தளர வேண்டியதில்லை. மீட்டரைப் பரிசோதிக்கும்படி எழுத்துமூலம் கோரலாம். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56-ஆம் பிரிவின்படி, பதினைந்து நாள் எழுத்துமூல அறிவிப்பின்றிக் கட்டண பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்கலாகாது. கேட்ட தொகையையோ, முந்தைய ஆறு மாதச் சராசரியையோ, எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் செலுத்தினால், தகராறு தீரும்வரை இணைப்பு நிலைக்கும். அதற்கும் மேலாக நுகர்வோர் குறைதீர் மன்றமும், அங்கும் நியாயம் கிட்டாவிடில் மின் குறைதீர்ப்பாளரும் உண்டு. ஆதலால் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு முறையும் மீட்டர் அளவை நீங்களே குறித்து வையுங்கள். மனு கொடுத்தால் ஒப்புகை பெறாமல் திரும்பாதீர்கள்.