மாத்திரை ஒரு நாள், தண்ணீர் தினமும்

"மாத்திரை குடுத்தா ரெண்டு மாசம் நல்லாத்தான் இருக்கான் அண்ணே. பெறகு பழையபடி வயித்த வலிக்குதுங்கிறான்."

ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக் காலனி ஒன்றில், ஐந்து வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய் எங்களிடம் சொன்னது இது. நூற்பாலையில் ஷிப்டு வேலைக்குப் போகிறவர். பையனின் வயிறு முன்தள்ளியிருந்தது. கண்ணிமையின் உட்புறம் வெளுத்திருந்தது. தொக்கம் விழுந்திருக்கிறது என்றார்கள், தொக்கம் எடுத்தாயிற்று. குடல் ஏற்றம் என்றார்கள், எண்ணெய் தடவி நீவிவிட்டாயிற்று. மருந்துக்கடையில் கேட்டு மாத்திரையும் வாங்கியாயிற்று. மலப் பரிசோதனை செய்தீர்களா என்று கேட்டோம். "அதெல்லாம் யாரு பாக்கச் சொன்னா?" என்றார்.

சேரிக் குழந்தையின் வயிற்று நோய்க்கு மருந்து கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். அது என்ன நோய், எங்கிருந்து வந்தது என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

வயிற்றில் புழு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதில் பல வகை உண்டு. நாக்குப்பூச்சி என்று நாம் சொல்லும் உருண்டைப்புழுவும் சாட்டைப்புழுவும், முட்டை கலந்த மண்ணும் அழுக்கும் கையிலும் உணவிலும் ஒட்டி வாய் வழியாக உள்ளே போகின்றன. கீரிப்பூச்சி இரவில் ஆசனவாயில் அரிப்பைத் தரும். வீட்டில் ஒரு பிள்ளைக்கு வந்தால் எல்லோருக்கும் தொற்றும். கொக்கிப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறி, குடலைக் கவ்வி இரத்தத்தைக் குடிக்கும். பிள்ளை சோகை பிடித்து, வகுப்பில் தூங்கி வழியும். ஆசிரியர் அதை மந்தபுத்தி என்று எழுதிவிடுவார்.

2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு. இரண்டு வயதுக்கு மேல் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, அதற்குக் கீழே அரை மாத்திரை. இது நல்ல திட்டம். எந்தப் பிள்ளைக்கும் விட்டுப்போகக் கூடாது. ஆனால் இந்த ஒற்றை மாத்திரை எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. அமீபாவும் ஜியார்டியாவும் அதற்குக் கட்டுப்படுவதில்லை. அவற்றுக்கு மருந்து வேறு. எது இருக்கிறது என்பதை நுண்ணோக்கியில் மலத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். முட்டைகள் தினமும் வெளியேறுவதில்லை என்பதால், ஒரு நாள் பார்த்து 'இல்லை' என்று வந்தாலும் தொல்லை நீடித்தால் வேறு நாட்களிலும் பார்க்க வேண்டும். கீரிப்பூச்சிக்குக் காலையில் பிள்ளை குளிக்கும் முன் ஆசனவாயில் ஒளிபுகும் ஒட்டுநாடாவை ஒட்டியெடுத்துப் பார்ப்பார்கள்.

வயிற்றுப்போக்கு இன்னும் அவசரமான காரியம். புழு மெல்ல அரிக்கும். பேதி ஒரே நாளில் பிள்ளையைக் கொண்டுபோய்விடும். கண் குழிவது, அழுதால் கண்ணீர் வராதது, சிறுநீர் குறைவது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புவது ஆகியவை உடம்பில் நீர் வற்றியதன் அடையாளங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் சுத்தமான நீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். துத்தநாக மாத்திரையைப் பேதி நின்றாலும் 14 நாள் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தக் கூடாது. தண்ணீராகப் போகும் பேதி பெரும்பாலும் வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. மலத்தில் இரத்தம் வந்தாலோ, குடித்ததெல்லாம் வாந்தியானாலோ, பிள்ளை துவண்டு போனாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இதுவரை சொன்னது எந்தச் சாதிப் பிள்ளைக்கும் பொருந்தும். இனிச் சொல்வது நம் தெருவின் கதை.

கொக்கிப்புழு வெறுங்காலைத் தேடுகிறது. ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாக யாருடைய காலை வெறுங்காலாக்கி வைத்தார்கள்? செருப்பணியத் தடுப்பதைக் குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தின் வழியே எழுத வேண்டியிருந்தது. ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த பிறகு ரத வீதிகளைக் கூட்டி அள்ளும் கைகள் எந்தத் தெருவிலிருந்து வருகின்றன? ஊர்க் கழிவை அள்ளியவர் கையுறையும் கால் உறையும் இல்லாமல், கழுவச் சோப்பும் இல்லாமல் வீடு திரும்பினால், அந்தக் கையில்தான் பிள்ளை சோறு வாங்கித் தின்கிறது.

தண்ணீரின் கதை இன்னும் கொடியது. 1927இல் அம்பேத்கர் மகாட் சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அருந்தினார். குளம் தீட்டுப்பட்டதென்று சாதி இந்துக்கள் 108 குடங்களில் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து ஊற்றி அதைச் 'சுத்தம்' செய்தார்கள். சாணத்தைக் குடிநீரில் கரைப்பது சுத்தம், மனிதர் கை படுவது அசுத்தம்!

அது பழங்கதை என்று சொல்ல முடியாமல் செய்தது வேங்கைவயல். புதுக்கோட்டை மாவட்டத்தின் அந்தச் சிற்றூரில் 2022 டிசம்பரில் பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து வாந்தி, பேதி, காய்ச்சல். மருத்துவமனையில் மருந்து கொடுத்ததோடு, குடிக்கிற தண்ணீரைப் பாருங்கள் என்றும் சொன்னார்கள். 26ஆம் தேதி தலித் குடியிருப்பின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது உள்ளே மனித மலம் கிடந்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்து, 2025 ஜனவரியில் அதே ஊர் தலித் இளைஞர்கள் மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை, சி.பி.ஐ. விசாரணை வேண்டும் என்ற குரல் எழுந்தது. யார் செய்தது என்பதற்கு நீதிமன்றம்தான் பதில் சொல்ல வேண்டும்.

நாம் இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. அன்று மருத்துவமனையில் தண்ணீரைப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்காவிட்டால், பிள்ளைகள் மருந்து குடித்து, வீடு திரும்பி, மறுபடி அதே தண்ணீரைத்தான் குடித்திருப்பார்கள்.

எல்லாத் தொட்டியிலும் யாரோ வந்து மலத்தைப் போடுவதில்லை. போடாமலே கலக்கிறது. குழாய் சாக்கடைக்குள் ஓடுகிறது. வால்வுக் குழியில் கழிவுநீர் தேங்குகிறது. ஊர்த் தெருவுக்கு விட்டு மிஞ்சிய தண்ணீர் காலனிக்கு வருகிறது. தண்ணீர் நின்ற நேரத்தில் உடைப்பு வழியே சாக்கடை உள்ளே இழுக்கப்படுகிறது. இதற்கு எந்தக் குற்றப்பத்திரிகையும் கிடையாது.

அந்தத் தாயையும் பையனையும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டை தெரிந்தது. மாத்திரையோடு இரும்புச்சத்து மருந்தும் கொடுத்தார்கள். திரும்பி வந்து, அவர்கள் தெருக் குழாய்த் தண்ணீரை மலக்கிருமி காட்டும் சோதனைப் புட்டியில் பிடித்து வைத்தோம். மறுநாள் தண்ணீர் கறுத்திருந்தது. கறுத்தால் மலக் கலப்பு இருக்கலாம் என்று பொருள். கொக்கிப்புழு மண்ணிலிருந்து வந்தது. பேதி இந்தக் குழாயிலிருந்து வரும். இரண்டு வழியும் திறந்தே கிடந்தன.

தோழர்களே, ஒவ்வொரு காலனியிலும் இதைச் செய்யலாம். ஒரே தெருவில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குப் பேதி என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். மலப் பரிசோதனை கேளுங்கள். கூடவே தண்ணீர்ப் பரிசோதனையும் கேளுங்கள். தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதி, குளோரின் கலக்கும் கணக்கு, குழாய் போகும் தடம் ஆகியவற்றைக் கிராம சபையில் கேட்டுத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் கிராம சபை கூடுகிறது. கறுத்த புட்டியை அங்கே கொண்டுபோய் மேசையில் வையுங்கள்.

விருதுநகரை 'முன்னேற விழையும் மாவட்டம்' என்று நிதி ஆயோக் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். எங்கள் காலனிப் பிள்ளைகளும் முன்னேற விழைகிறார்கள். அதற்கு முதலில் அவர்கள் உடம்பில் இரத்தம் வேண்டும்.

அந்தக் காலனிக் குழாயை மாற்றக் கோரி மனு கொடுத்திருக்கிறோம். பையனுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கிவிட்டதாக அவன் அம்மா சொன்னார். குழாய் இன்னும் சாக்கடைக்குள்தான் கிடக்கிறது.