ஊதினால் நிறம் மாறும் ஆரத்தித் தண்ணீர்!

மரக்காணம் உப்பளங்களைப் படமெடுக்காமல் ஈ.சி.ஆரில் கடந்துபோகிறவர்கள் குறைவு. கரையில் ஒதுங்கும் கிளிஞ்சலைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

கிளிஞ்சலைச் சூளையில் சுட்டால் கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறிவிடும். மிச்சத்தை நீற்றினால் சுண்ணாம்பு. அதைத் தண்ணீரில் கரைத்து, மேலே தெளிந்த நீரை மட்டும் எடுத்து, ஸ்ட்ரா விட்டு ஊதுங்கள். பால்போல வெளுக்கும். சூளையில் போனதை உங்கள் மூச்சு திருப்பிக் கொடுத்துவிட்டது. அந்த வெண்மை, கிளிஞ்சலில் இருந்த அதே கால்சியம் கார்பனேட்!

தெளிநீரில் சிட்டிகை மஞ்சள் போட்டால் ஆரத்திச் சிவப்பு. விடாமல் ஊதினால் மெல்ல மஞ்சளுக்கே திரும்பும். (குட்டீஸ், பெரியவர்களோடு செய்யுங்கள். உறிஞ்சிவிடக் கூடாது, கண்ணில் படக் கூடாது.) காற்றில் சுமார் 0.04 சதவிகிதம் இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு, நாம் வெளியே விடும் மூச்சில் ஏறக்குறைய 4 சதவிகிதம்.

இதே நிறமாற்றம் மருத்துவமனையில் உயிர்காக்கும் விஷயம். செயற்கை சுவாசக் குழாய், மூச்சுக்குழாய்க்குப் பதில் உணவுக்குழாய்க்குள் போய்விட்டால் சில நிமிடங்களில் ஆபத்து. குழாயில் பொருத்தும் சின்ன டிடெக்டரின் காகிதம் ஊதாவிலிருந்து மஞ்சளானால், குழாய் சரியான இடத்தில் இருக்கிறது. ஆனால், நோயாளி சோடா குடித்திருந்தால் வயிற்று வாயுவும் காகிதத்தை ஏமாற்றும். அதனால்தான் ஆறு மூச்சு வரை பார்க்கச் சொல்கிறார்கள்.